இன்சுலின் போட்டுக்கொள்பவர் இரத்த தானம் செய்யவே முடியாதா?

பொருநைக்கரை (கேள்வி):
என் தம்பி பிறந்த அன்று அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல், நான்கு யூனிட் இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. அந்த இரத்தத்தைக் கொடுத்தவர்கள் யாரென்று எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வளர்ந்ததும் நானும் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்; ஆனால் பதினான்கு வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்து, அன்றிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் அலுவலகத்தில் நடந்த முகாமில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, இன்சுலின் பற்றிய கேள்விக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "இல்லை என்று டிக் போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றாள் தோழி. எனக்கு மனம் வரவில்லை. உண்மையை எழுதினேன்; திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடும் எங்கள் மேலாளர் அதே முகாமில் கொடுத்தார். எனக்கு மட்டும் இது வாழ்நாள் தடையா?

ஆய்வகத்தான்:
சகோதரி, இரத்த வங்கியில் பணியாற்றுபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆம், இந்திய விதிகளின்படி இன்சுலின் எடுத்துக்கொள்பவரிடம் இரத்தம் பெறுவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரையாலோ சர்க்கரை சீராக இருந்து, நரம்பு, இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் இல்லாதவர்களை ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் மேலாளர் அந்த வகையில் வருகிறார். உங்களைத் திருப்பி அனுப்பியது உங்கள் இரத்தம் தரம் குறைந்தது என்பதால் அல்ல. ஒரே நேரத்தில் 350 மி.லி. இரத்தம் உடலை விட்டுப் போகும்போது மயக்கமோ சர்க்கரைத் தாழ்வோ வந்தால், அவதிப்படப் போவது நீங்கள்தான். படிவத்தில் உண்மையை எழுதினீர்களே, அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஏனெனில் எத்தனை பரிசோதனைகள் செய்தாலும் எங்கள் முதல் பாதுகாப்பு கொடையாளரின் நேர்மையான பதில்தான்.

கண் தானத்துக்குச் சர்க்கரை நோய் தடையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுவாரத் தந்தை:
என் மகனுக்குத் தலசீமியா மேஜர், அதாவது பெற்றோர் வழியாக வரும் கடுமையான இரத்தசோகை நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். நானும் என் மனைவியும் அந்தக் குறைபாட்டின் கடத்திகள், அதாவது நோய் முற்றாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்பதே அவன் பிறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுக்காக முதன்முதலில் கொடுக்கப் போனபோது, என் விரலில் எடுத்த துளியை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். அது மூழ்கவில்லை, சற்றுத் தயங்கி மேலே மிதந்தது; ஹீமோகுளோபின் போதவில்லை என்று அதற்குப் பொருள். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால்தான் கொடுக்கலாம். கடத்தியான எனக்கு 11.8. பெற்ற பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் திரும்பி நடந்து வந்த அந்த நாளை மறக்க முடியவில்லை, சகோதரி. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். முறைக்கு ஒரு யூனிட் என்றாலும் என் மகனுக்கு ஆண்டுக்கு 17 யூனிட் வேண்டும். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும்தான் கொடுக்கலாம் என்பதால், தவறாமல் வரும் ஐந்து பேராவது அவன் ஒருவனுக்கே தேவை. சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். ஆகவே ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் வராமல் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் போதாது. கல்லூரிகள் மூடிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நான் தொலைபேசியும் கையுமாகவே இருப்பேன். அந்த மாதங்களில் புதிதாக ஒருவரை அழைத்து வருபவரை, கொடுத்தவராகவே நான் எண்ணுகிறேன்.

முகாம் தொண்டர்:
முகாம்களில் இரத்தம் கொடுத்து முடித்தவர்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, பிஸ்கட்டும் பழச்சாறும் தந்து, முகம் வெளிறுகிறதா என்று கவனிக்க எப்போதும் ஆள் குறைவு. முதல்முறை வருபவர்கள் பயத்தோடு இருப்பார்கள். நல்லபடியாக அனுப்பி வைத்தால் மறுபடியும் வருவார்கள். விருப்பமிருந்தால் அந்த மேசைக்கு வாருங்கள்.

பொருநைக்கரை:
அனைவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் கணக்கைப் படித்ததும் தம்பியை அழைத்துப் பேசினேன். அவனுக்கு இப்போது 24 வயது, 58 கிலோ எடை, எந்த நோயும் இல்லை. ஊசி என்றால் பயம் என்பதால் இதுவரை கொடுத்ததில்லை. அம்மாவுக்கு இரத்தம் ஏற்றியது அவன் பிறந்த நாளில்தான் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லையாம். வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். கொடுத்து முடிக்கும் வரை நான் அவன் பக்கத்தில் நிற்க அனுமதிப்பார்களா?