ஏரியைச் சுற்றி நாலு பக்கமும் கல் பதிக்கலாமா?

பாலக்கோட்டான்:
வணக்கம். எங்கள் ஊர் ஏரி சுமார் 30 ஏக்கர். சீமைக் கருவேலம் மூடிக் கிடந்ததைப் போன கோடையில் ஊரே பணம் போட்டு ஜேசிபி வைத்து எடுத்தோம், நல்ல மழை, தண்ணீர் நிற்கிறது. இப்போது உதவி செய்ய வந்தவர் ஒருவர், சுற்றிலும் கல் பதித்து சிமெண்ட் பூசி நடைபாதை போட்டுத் தருகிறேன் என்கிறார். பையன்களுக்கும் ஆசை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மேற்குப் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவுதான், கோரையும் சம்பும் நிற்கிறது, மாடு இறங்குவதும் அங்கேதான். அந்தக் கோரைக்குள் முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டியிருந்தது. ஆள் வந்தால் முட்டை மேல் பாசியை இழுத்து மூடிவிட்டு முங்கிவிடும். கல் பதித்தால் இதெல்லாம் போய்விடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை விவசாயி:
போய்விடும் தம்பி, சந்தேகமே வேண்டாம். ஆனால் கல்லே கூடாது என்றும் சொல்லாதீர்கள். மதகு இருக்கிற பெரிய கரையின் உள்பக்கம் அலைகல் வேண்டும், இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது அலை மோதி மோதிக் கரையை அரித்துவிடும். நம் பெரியவர்கள் அந்தப் பக்கம் மட்டும்தான் கல் அடுக்கினார்கள், அதுவும் சிமெண்ட் இல்லாமல். எதிர்ப்பக்கம், அதாவது தண்ணீர் வந்து இறங்குகிற பக்கம், சரிவாகத்தான் விட்டார்கள். அந்தச் சரிவில்தான் மீன் குஞ்சு வளரும், கொக்கும் நாரையும் நின்று மேயும். எங்கள் ஊரில் தூர் எடுக்கிறோம் என்று ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள், மறு வருஷம் தண்ணீர் குடிக்க இறங்கிய பசு ஏற முடியாமல் கிடந்தது, நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். ஆழப்படுத்துவது என்றால் நடுவில் ஆழப்படுத்துங்கள், ஓரத்தைத் தொடாதீர்கள். அப்புறம், கருவேலத்தை வேரோடு எடுத்தீர்களா? வெட்டி மட்டும் விட்டிருந்தால் இந்நேரம் துளிர்த்திருக்கும். காய் விழுவதற்குள் பிடுங்குங்கள், மாடு தின்று சாணியில் விதை பரவும்.

நீர்மருது:
முதலில் ஏரி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம், 100 ஏக்கருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. அனுமதி இல்லாமல் யாரும் நடைபாதை போட முடியாது. இன்னொன்று, 2017 மத்திய அரசு ஈரநில விதிகள் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள், பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளை அதில் சேர்க்கவில்லை. நமக்கு இருக்கிற ஒரே பிடிமானம், ஏரியை அளந்து எல்லைக்கல் நடுவதுதான். சர்வேயரை வைத்து அதைச் செய்துவிட்டு, எல்லையோரம் பனை விதை போடுங்கள். ஈரம் நிற்கிற இடத்துக்கு ஒகேனக்கல் ஆற்றோரம் வளர்கிற நீர்மருதும் புங்கனும் நன்றாக வரும். மண் சரிகிற இடத்தில் வெட்டிவேர் வையுங்கள், 10 அடி ஆழம் வேர் விடும். பெரிய கரை மேல் மட்டும் மரம் வேண்டாம், செத்த வேர் வழியாகத் தண்ணீர் கசியும்.

ஓசூர் வாசி:
வரத்துக் கால்வாயைப் போய்ப் பார்த்தீர்களா அண்ணா? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போன ஊர்க்காரன் சொல்கிறேன், மேலே இருந்து சாக்கடை வந்தால் கரையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் ஆகாயத்தாமரைதான் மிஞ்சும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு என்று தெரியும், பிள்ளைகள் பல்லில் கறை பார்த்திருப்பீர்கள். ஏரித் தண்ணீர் சுத்தமாக ஊறினால்தான் கிணறும் தேறும்.

பாலக்கோட்டான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கால்வாயைப் பார்க்கவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு நடந்து போய்ப் பார்க்கிறேன். உதவி செய்ய வந்தவரிடம் பேசினேன், பெரிய கரைக்கு அலைகல், எல்லை அளக்கிற செலவு இரண்டுக்கும் தருகிறாராம். நடைபாதை கரை மேலேயே மண் பாதையாக இருக்கட்டும் என்றேன், சரி என்றார்.