எனோலா கே கண்காட்சி: வரலாற்றாளர் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை 1995இல் காட்சிக்கு வைக்க முனைந்த அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், முன்னாள் படைவீரர் அமைப்புகளும் அமெரிக்கச் செனட்டும் கடுமையாக எதிர்த்ததால், குண்டுவீச்சின் பாதிப்பையும் காட்டவிருந்த மூலத் திட்டத்தைக் கைவிட்டது. அரசு நிதியில் இயங்கும் இடத்தில் வரலாற்றாளர் இவ்வளவு தூரம் பேசலாமா?

மறுமொழி 1: கட்டாயம் பேச வேண்டும். ஹிரோஷிமாவிலிருந்து இரவல் பெற எண்ணியவற்றுள் ஒரு பள்ளிச் சிறுமியின் மதிய உணவுப் பெட்டியும் இருந்தது. உள்ளே சோறும் பட்டாணியும் கரியாகிக் கிடந்தன. அதை விலக்கிவிட்டு, விமானத்தின் முன்பகுதியைச் சுருக்கமான விளக்கத்துடன் வைத்தது மக்கள் நினைவைப் பாதியாக வெட்டிய செயல் என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ஆயினும் பசிபிக் போரில் தோழர்களைப் பறிகொடுத்துத் திரும்பிய வீரர்களின் நினைவும் சான்றுதான். அவர்களுடைய மனக்குறையை வெறும் அரசியல் என்று தள்ளுவது நமக்கு அழகன்று. ஆனால் கண்காட்சிக்கான விளக்க வரைவின் வாசகத்தைச் செனட் தீர்மானம் போட்டுக் கண்டித்தது எல்லை மீறல்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் 1995 மே மாதத்தில் பதவி விலகியதை நினைக்கும்போது, இப்படிப்பட்ட நெருக்கடியில் அருங்காட்சியகப் பணியாளருக்கு யார் துணை நிற்பார்கள் என்பதே என்னை உறுத்துகிறது.

மறுமொழி 1: சக வரலாற்றாளர்கள் நிற்க வேண்டும், அன்று பலர் வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தார்கள்.