கிராமப்புற நெடுந்தொலைவு மிதிவண்டித் தடத்துக்கு அரசு ஏற்பு: முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி: நெடும்பாதை

அனைவருக்கும் வணக்கம். வயல்வெளிகள், ஆற்றங்கரைகள், சிறு குன்றுகள் வழியாகச் சில நூறு கிலோமீட்டர் நீளும் மிதிவண்டிப் பயண வழி ஒன்றை எங்கள் சிறு குழு வகுத்து வைத்திருக்கிறது. இப்போதைக்கு அது ஜிபிஎஸ் கோப்பாக நண்பர்களிடையே மட்டுமே சுற்றி வருகிறது. அதை எண்ணிட்டு, பலகை நட்டு, அரசே தன் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளும் தடமாக மாற்ற விரும்புகிறோம்.

எங்களுக்குள் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பலகைகளை முதலில் நட்டுவிட்டால் பயணிகள் வரத் தொடங்குவார்கள், அதன் பிறகு அரசின் ஏற்பு தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வண்டிகள் ஓடும் சாலையில் வெறும் பலகையை நட்டு மக்களை அழைப்பது பொறுப்பற்ற செயல், தனிப் பாதை அமையும் வரை காத்திருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். கைப்பேசியே வழி காட்டும் காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. இத்தகைய பணியில் ஈடுபட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி: சாலைக்கணக்கு

வணக்கம். இரண்டு தரப்பும் விட்டுவிட்ட ஒரு வேலை இருக்கிறது, அதில்தான் பெரும்பாலான முயற்சிகள் முடங்கிப் போகின்றன. உங்கள் வழியின் ஒவ்வொரு துண்டும் யாருடைய பொறுப்பில் உள்ள சாலை என்பதைக் கண்டறிந்து, அவர்களிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுவதே அந்த வேலை. நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சி, ஆற்றுக்கரையைப் பராமரிக்கும் துறை, வனத்துறை எனச் சில நூறு கிலோமீட்டருக்குள் பல கைகள் மாறும். பாலம் ஒன்றின் பொறுப்பு எவரிடம் இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே பல வாரங்கள் ஆகலாம்.

அமெரிக்காவின் தேசிய மிதிவண்டித் தட அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் 1978-இல் அதைத் தோற்றுவித்தது. 1982-இல் 1, 76 என எண்ணிட்ட இரண்டு தடங்களுக்கு ஏற்பு கிடைத்தது. அடுத்த புதிய தடங்கள் 2011-இல்தான் வந்தன. விதிகளும் எண்களும் தயாராக இருந்தும், ஒவ்வொரு ஊரிலும் ஏறி இறங்கி இசைவுக் கடிதம் வாங்கும் வேலையை எடுத்துச் செய்ய ஆட்கள் இல்லாத இடத்தில், திட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கும். பின்னர் தன்னார்வலர்களும் மாநிலத் துறைகளும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும் தடங்கள் வேகமாகப் பெருகின. அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ள சாலைகளின் மீதே செல்கிறது என்பதையும் கவனியுங்கள். எல்லா இடத்திலும் தனிப் பாதை வேண்டும் என்று காத்திருந்தால் எந்தத் தடமும் பிறக்காது. கனடாவின் கியூபெக்கில் உள்ள ரூட் வெர்ட் தடவலை 1995-இல் அறிவிக்கப்பட்டு, 2007-இல்தான் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. தனிப் பாதை, அகலப்படுத்திய சாலையோரம், வண்டி குறைந்த கிராமச் சாலை ஆகிய மூன்றையும் அது கலந்தே பயன்படுத்துகிறது.

மறுமொழி: சுமைவண்டி

முந்தைய பதிவை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் ஏற்புக் கடிதம் கிடைக்கிறது என்பதற்காகத் தரமற்ற சாலையைத் தடத்தில் சேர்த்துவிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனின் தேசிய மிதிவண்டி வலையமைப்பு 1995-இல் கிடைத்த லாட்டரி நிதியால் வேகமாக வளர்ந்தது. ஆனால் அதைப் பேணிவந்த சஸ்ட்ரான்ஸ் அமைப்பு 2020-இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளத்தை வலையமைப்பிலிருந்து நீக்கவோ வேறு வகையில் சேர்க்கவோ வேண்டியதாயிற்று. வேகமும் நெரிசலும் மிக்க சாலைத் துண்டுகள் இதில் முக்கியமாக அடிபட்டன. நிதானமுள்ள 12 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டிச் செல்லலாமா என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். உங்கள் வழியின் ஒவ்வொரு துண்டையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பாருங்கள். அழகான காட்சி உள்ள சாலையைத்தான் சுற்றுலாப் பேருந்துகளும் கார்களும் விரும்பும். ஆகையால் காட்சி சற்றுக் குறைந்தாலும் ஆற்றின் மறுகரையில் செல்லும் சிறு சாலையே பல இடங்களில் சரியான தேர்வாக இருக்கும்.

கைவிடப்பட்ட ரயில் பாதை எங்கேனும் குறுக்கிட்டால் அதை விட்டுவிடாதீர்கள். கனத்த ரயில்கள் ஏறுவதற்காக அமைக்கப்பட்டது என்பதால் அதன் ஏற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் அடங்கும், பைகளைச் சுமந்த மிதிவண்டிக்கு அதைவிட ஏற்ற தரை கிடையாது. அமெரிக்காவில் கம்பர்லாந்து முதல் பிட்ஸ்பர்க் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளும் கிரேட் அலகெனி பாதை இப்படி உருவானதுதான். அதன் ஒரு பெரிய சுரங்கவழியை உறைபனியிலிருந்து காப்பதற்காகக் குளிர்காலத்தில் கதவிட்டு மூடிவிடுகிறார்கள். உங்கள் தடத்திலும் வெள்ளக் காலத்தில் மூட வேண்டிய துண்டு இருந்தால், அதற்கான மாற்றுவழிக்கும் இப்போதே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பலகைகளைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு திருப்பத்துக்கும், இரு திசையிலிருந்து வருபவர்களுக்கும், மூன்று பலகைகள் தேவை: திருப்பம் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல ஒன்று, திருப்பத்திலேயே அம்புக்குறியுடன் ஒன்று, திரும்பிய பின் சரியான வழியில்தான் செல்கிறோம் என்று உறுதிப்படுத்த ஒன்று. செலவு குறைக்க மூன்றாவதைத்தான் முதலில் வெட்டுவார்கள், ஆனால் அதுதான் பயணியின் மனத்தைத் தெளிய வைப்பது. இறக்கத்தின் நடுவே திருப்பம் இருந்தால் முன்னறிவிப்புப் பலகையை மேலே நன்கு தள்ளி நட வேண்டும். இல்லையேல் சுமையோடு கீழே பாய்ந்து சென்றவர் திருப்பத்தைத் தவறவிட்டு அந்த ஏற்றத்தைத் திரும்ப ஏற நேரும்.

மறுமொழி: வரப்போரம்

நான் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன், ஆகவே தடம் கடந்து செல்லும் ஊரார் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். அறுவடைக் காலத்தில் டிராக்டரும் டிரெய்லரும் அந்தச் சிறு சாலையை முழுமையாக அடைத்துக்கொண்டுதான் செல்லும். கால்நடைகள் கடக்கும் நேரமும் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து வேலியைத் திறந்து போட்டுவிடுவார்களோ, நாளை விபத்து நடந்தால் பழி எங்கள் மீது விழுமோ என்ற அச்சம் நியாயமானது. ஒப்புதல் கேட்கும் கடிதத்துடன் துறை அலுவலகத்துக்குச் செல்லும் முன் ஊர்க் கூட்டத்தில் வந்து உட்காருங்கள். எந்த மாதத்தில் எந்தச் சாலை நெரியும், எங்கே குடிநீர் கிடைக்கும், எந்த வளைவில் எதிரே வருபவர் தெரியமாட்டார் என்பதையெல்லாம் எந்த வரைபடமும் சொல்லாது, ஊரார் சொல்வார்கள்.

ஊருக்கு என்ன பயன் என்பதும் வெறும் வாக்குறுதியாக இருக்கக் கூடாது. ஜெர்மனியின் மிதிவண்டிச் சங்கமான ஏடிஎஃப்சி நடத்தும் 'பெட் பிளஸ் பைக்' திட்டத்தில் சேரும் விடுதிகள், ஒரே ஓர் இரவுக்கு வருபவரையும் ஏற்க வேண்டும், மிதிவண்டியைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும், நனைந்த துணியை உலர்த்த வழி செய்ய வேண்டும். இவை பெரிய முதலீடு கேட்காத நிபந்தனைகள், கிராமத்து வீடுகளாலும் நிறைவேற்றக் கூடியவை. தென்கொரியாவில் இன்ச்சியானிலிருந்து பூசான் வரையிலான 633 கிலோமீட்டர் தடத்தில், பயணிகள் தாங்கள் வந்து சென்றதற்கு அடையாளமாக முத்திரை பதித்துக்கொள்ளும் சிவப்புக் கூண்டுகளை வைத்திருக்கிறார்கள். அத்தகைய கூண்டை ஊர்க் கடைவீதிக்கு அருகில் வைத்தால் பயணி அங்கே கட்டாயம் நிற்பார்.

மறுமொழி: நெடும்பாதை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாலைப் பொறுப்பாளர் பட்டியலை இந்த வாரமே தொடங்குகிறோம். முழு வழிக்கும் ஒரே நேரத்தில் முயல்வதா, ஒரு பகுதியை மட்டும் முதலில் முடிப்பதா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சாலைக்கணக்கு

ஒரு பகுதியை மட்டும் முதலில் முடியுங்கள், ஆனால் அதன் இரு முனைகளிலும் மிதிவண்டியை ஏற்றிக்கொள்ளும் ரயிலோ பேருந்தோ இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஓட்டி முடிக்கும் துண்டாக இருந்தால் வேலைக்குச் செல்பவர்களும் வருவார்கள், அதிகாரிகளையும் நேரில் அழைத்துச் சென்று காட்டலாம். தொடக்கத்திலேயே, கடந்து செல்லும் மிதிவண்டிகளை எண்ணும், தரையில் பதிக்கும் எண்ணுமானி ஒன்றை வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அந்த எண்ணிக்கை உங்களுக்காகப் பேசும்.

கைப்பேசி பற்றிய உங்கள் கேள்விக்கு ஒருவரும் விடை தரவில்லை. பலகை மிதிவண்டிக்காரருக்கு மட்டும் உரியதன்று. இந்தச் சாலையில் மிதிவண்டிகள் வரும் என்று கார் ஓட்டுநருக்கும் அது சொல்கிறது, சாலையைச் செப்பனிடும் துறைக்கும் இது தன் பொறுப்பில் உள்ள தடம் என்று நினைவூட்டுகிறது. கோப்பில் உள்ள கோட்டுக்கு அந்த வலிமை இல்லை. ஒப்புதல் கடிதத்தில் பலகையை ஆண்டுதோறும் யார் பார்வையிடுவது, சாய்ந்ததை யார் நிமிர்த்துவது, மறைக்கும் கிளையை யார் வெட்டுவது என்ற பத்தியை மறவாமல் சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள்.