புளூஸ்கை பதிவில் தமிழ் வரியின் இணைப்பு வேறு சொல்லில் போய் விழுகிறது – பைதான் நிரலில் உதவி தேவை

டெல்டாக்காரன் (கேள்வி)

வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் காலையில் புளூஸ்கை சமூக வலைத்தளத்தில் பதிவிடும் சிறு நிரல் ஒன்றைப் பைதானில் எழுதியிருக்கிறேன். குறுவைக்கு ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்களா என்பதுதான் எங்கள் பக்கத்தில் கோடை முழுவதும் பேச்சு. முழு மட்டமான 120 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று வெளியூரில் இருக்கும் உறவினர்களும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்காகவே இதைச் செய்கிறேன்.

புளூஸ்கை இயங்கும் நெறிமுறையான ஏடி புரோட்டோகாலுக்கான 'ஏடிபுரோட்டோ' என்ற பைதான் நிரல்நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். உள்நுழைவும் பதிவிடுதலும் ஒழுங்காக நடக்கின்றன. இணைப்பில்தான் தொல்லை. வரி இது:

மேட்டூர் அணை நீர்மட்டம் 118 அடி. விவரம் இங்கே

'இங்கே' என்ற சொல்லைத் தொட்டால் என் வலைப்பக்கம் திறக்க வேண்டும். அந்தச் சொல் தொடங்கும் இடத்தை 'ஃபைண்ட்' கொண்டு தேடினேன். 40 என்று வந்தது. சொல்லின் நீளம் 5. ஆகவே தொடக்கம் 40, முடிவு 45 என்று ஃபேசெட்டில் (வரியின் எந்தப் பகுதி இணைப்பு என்று சொல்லும் குறிப்பில்) கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பதிவைத் திறந்தால் 'இங்கே' வெறும் எழுத்தாக நிற்கிறது. 'நீர்மட்டம்' நடுவில் உடைந்து கிடக்கிறது: ந-வுக்குப் பிறகு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி, அடுத்து நீல நிறத்தில் ஒரு ர, மறுபடியும் கேள்விக்குறி. அந்த ர-வைத் தொட்டால் என் பக்கம் திறக்கிறது.

ஆங்கில வரியைக் கொடுத்தால் இதே நிரல் இணைப்பைச் சரியான சொல்லில் வைக்கிறது. எழுத்துருவில் கோளாறா, நிரல்நூலகத்தில் கோளாறா? யாராவது வழிகாட்டுங்கள்.

நிரல்மேகம்

சொல்லுக்குப் பின்னால் இணைப்பை ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, வலைமுகவரியை அப்படியே வரியின் கடைசியில் ஒட்டிவிடுங்களேன். செயலியில் நான் அப்படித்தான் செய்கிறேன். தானாகவே நீலமாகிவிடும்.

வரிவடிவம்

செயலியில் ஆகும், நிரல் வழியே அனுப்பினால் ஆகாது. வரியில் இருக்கும் முகவரியைக் கண்டுபிடித்து இணைப்பாகக் குறிப்பது செயலியின் வேலை. சேவையகம் அதைச் செய்வதில்லை. புளூஸ்கை பதிவின் உரை எப்போதும் வெறும் உரைதான். இணைப்பு, பெயர்க்குறிப்பு, குறிச்சொல் ஆகிய மூன்றையும் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று ஃபேசெட்டாகத் தனியே சொன்னால்தான் உண்டு. முகவரியை ஒட்டினாலும் அதற்கும் ஃபேசெட் கொடுக்க வேண்டும். அப்போதும் இதே சிக்கல் வரும்.

டெல்டாக்காரன், எழுத்துருவிலும் கோளாறு இல்லை, நிரல்நூலகத்திலும் கோளாறு இல்லை. நீங்கள் தந்த எண்கள் யூனிகோட் குறியெண்களின் கணக்கு, அதாவது எழுத்து, துணை எழுத்து, புள்ளி ஒவ்வொன்றையும் ஒன்றாக எண்ணுவது. ஃபேசெட் கேட்பது யூடிஎஃப்-8 பைட் கணக்கு, அதாவது அந்தக் குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில் எத்தனை பைட் என்பது. அந்த இரண்டு புலங்களின் பெயரே 'பைட் ஸ்டார்ட்', 'பைட் எண்ட்' என்பதுதான். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால் அங்கே இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும். தமிழில் உயிரும் க, ம போன்ற அகரமேறிய எழுத்தும் துணை எழுத்தும் புள்ளியும் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கின்றன.

உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம். 'மேட்டூர்' என்பதில் ம, இரட்டைக்கொம்பு, ட, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று 8 குறியெண்கள். அதாவது 24 பைட். ஓர் இடைவெளி, 25. 'அணை' 9 பைட், 34. இன்னோர் இடைவெளி, 35. ஆக, 'நீர்மட்டம்' தொடங்கும் இடம் 35. இதில் ந-வுக்கு 35 முதல் 37 வரை, ஈகாரக் குறிக்கு 38 முதல் 40 வரை, ர-வுக்கு 41 முதல் 43 வரை, புள்ளிக்கு 44 முதல் 46 வரை. நீங்கள் கொடுத்தது 40 முதல் 45. முடிவு எண் கணக்கில் சேராது. எனவே ஈகாரக் குறியின் கடைசி பைட், முழு ர, புள்ளியின் முதல் பைட் ஆகியவை மட்டும் இணைப்புக்குள் மாட்டிக்கொண்டன. அறுபட்ட துண்டுகள் எந்த எழுத்தும் ஆகாதவை. அதனால்தான் கேள்விக்குறிகள். நீங்கள் பார்த்த நீல ர-வுக்கு இதுதான் காரணம்.

இப்படியே கடைசி வரை எண்ணினால் 'இங்கே' தொடங்கும் பைட் 100, முடியும் பைட் 115. இந்த இரண்டு எண்களையும் கொடுத்துப் பாருங்கள், சரியாக அமரும். நிரலில் இதைக் கைக்கணக்காகப் போட வேண்டாம். சொல்லுக்கு முன்னால் இருக்கும் பகுதியை வெட்டி எடுத்து, யூடிஎஃப்-8-ஆக 'என்கோட்' செய்து, அதன் நீளத்தைக் கேளுங்கள். அது தொடக்கம். 'ஃபைண்ட்' தந்த எண்ணோடு சொல்லின் நீளத்தைக் கூட்டி, அந்த இடம் வரை உள்ள பகுதியையும் அதேபோல் வெட்டி என்கோட் செய்து நீளத்தைக் கேளுங்கள். அது முடிவு.

இதைவிட நல்ல வழி, நிரல்நூலகத்திலேயே இருக்கும் 'டெக்ஸ்ட் பில்டர்'. 'விவரம்' வரைக்கும் உள்ள பகுதியை அதன் 'டெக்ஸ்ட்' செயற்கூறுக்கும், 'இங்கே' என்பதையும் முகவரியையும் 'லிங்க்' செயற்கூறுக்கும் கொடுத்தால் பைட் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். 'செண்ட் போஸ்ட்' அந்தப் பில்டரை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

டெல்டாக்காரன்

ஐயா, மிக்க நன்றி. 100, 115 கொடுத்தேன். 'இங்கே' நீலமாகிவிட்டது, 'நீர்மட்டம்' முழுதாகத் தெரிகிறது. என்கோட் செய்யும் முறையையும் நிரலில் சேர்த்துவிட்டேன்.

இப்போது வேறொன்று. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதில் இன்றைய இருப்பு எவ்வளவு என்று இரண்டாவது பதிவு ஒன்றும் போகிறது. அதில் 'கொள்ளளவு' என்ற சொல்லுக்கு இணைப்பு. அந்த வரி, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஒரு கோப்பிலிருந்து வருகிறது. தேட வேண்டிய சொல்லை நிரலில் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். இந்தப் பதிவில் மட்டும் இணைப்பே வருவதில்லை. எழுத்து உடையவும் இல்லை. 'ஃபைண்ட்' தரும் விடையை அச்சிட்டுப் பார்த்தால் -1. கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் நீளம் கோப்பில் 9, என் நிரலில் 8. எங்கே அந்த ஒன்று கூடியது?

வரிவடிவம்

நீளத்தை அச்சிட்டுப் பார்த்தது நல்ல வேலை. கூடியது 'கொ'வில்.

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியெண்ணாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைதானுக்கு அவை வெவ்வேறு எழுத்துச் சரங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி வடிவங்களாக இருந்தன. அங்கிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தப் பிரிந்த வடிவம் அடிக்கடி கிடைக்கும். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை.

மருந்து எளியது. பைதானோடு வரும் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பில் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு உண்டு. அதைக் கொண்டு வரியையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றுங்கள். பிரிந்த 'கொ' ஒட்டிக்கொள்ளும், இரண்டின் நீளமும் 8 ஆகும். இதை எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டும். இடங்களை எண்ணிய பிறகு வரியில் ஓர் இடைவெளியை நீக்கினாலும் எண்கள் பொய்யாகிவிடும்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் திருத்தாது. 'கௌ' எழுதும்போது ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகர எழுத்தையே தட்டிவிடுபவர்கள் உண்டு. அது உண்மையான எழுத்துப்பிழை. கையால்தான் திருத்த முடியும்.

-1 வந்ததும் நிரல் நிற்காமல் ஓடியதும் கவனிக்க வேண்டியது. பைதானில் -1 வரை வெட்டு என்றால் கடைசிக் குறியெண்ணை மட்டும் விட்டு மீதி முழுவதும் கிடைக்கும். ஆகவே உங்கள் தொடக்க எண் வரியின் கடைசிக்குப் போயிருக்கும். முடிவுக்கான வெட்டு -1-உடன் 8 கூட்டி 7-இல் நின்றிருக்கும்; ஆகவே முடிவு எண் தொடக்க எண்ணைவிடச் சிறியதாக இருந்திருக்கும். சேவையகம் இதை ஏற்றுக்கொள்ளும். பதிவைக் காட்டும் செயலி, முடிவு முந்திய ஃபேசெட்டை ஓசையில்லாமல் தள்ளிவிடும். -1 வந்தால் பதிவிடாமல் நின்று உங்களுக்குத் தகவல் சொல்லும்படி எழுதுங்கள். தண்ணீர்க் கணக்கைப் பார்த்து நாற்று விடுபவர்கள் படிக்கும் பதிவு இது. பாதி சரியாகப் போவதைவிடப் போகாமல் இருப்பது மேல்.

இரவுப்பணி

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே சரத்தின் நீளம் யூடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறையின் அலகுகளில் வரும். தமிழுக்கு அது பைதானின் எண்ணோடு ஒத்துப்போகும்; ஆனால் ஓர் இமோஜி நுழைந்தால் பைதான் 1 என்னும், ஜாவாஸ்கிரிப்ட் 2 என்னும், பைட் கணக்கு 4. மொழிக்கு மொழி மாறாத அளவு என்பதற்காகவே பைட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. நல்ல முடிவுதான். புளூஸ்கையின் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல்நூலகத்தில் 'ரிச் டெக்ஸ்ட்' இருக்கிறது. அதில் 'டிடெக்ட் ஃபேசெட்ஸ்' என்று அழைத்தால் முகவரிகளையும் பெயர்க்குறிப்புகளையும் அதுவே கண்டுபிடித்துக் குறித்துவிடும்.

டெல்டாக்காரன்

என்எஃப்சி வேலை செய்தது. இரண்டு பதிவுகளும் இப்போது சரி. கடைசியாக ஓர் ஐயம். 300 எழுத்து வரம்பைத் தாண்டக் கூடாது என்று, நீளத்தைச் சொல்லும் பைதானின் 'லென்' 300-ஐத் தொட்டதும் வரியை வெட்டிவிடுகிறேன். சில நாள் வரி அரைகுறையாக நின்றுவிடுகிறது. தமிழுக்கு இடம் குறைவுதானா?

வரிவடிவம்

குறைவே இல்லை. அந்த 300 என்பது கிராபீம் கணக்கு, அதாவது கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது ஒன்று. 'மே' ஒன்று, 'ட்' ஒன்று, 'டூ' ஒன்று. உங்கள் முதல் வரிக்கு லென் 45 காட்டும். புளூஸ்கை கணக்கில் அது 31-தான். தமிழ் வரிகளை லென் வைத்து வெட்டுவது, நமக்கு உரிய இடத்தில் பெரும் பகுதியை நாமே விட்டுக்கொடுப்பது. போதாததற்கு அந்த வெட்டு எழுத்துக்கும் அதன் துணை எழுத்துக்கும் நடுவிலும் விழலாம். பைதானின் 'ரீஜெக்ஸ்' தொகுப்பில் கிராபீமாகப் பிரிக்கும் வசதி உண்டு. அதை நிறுவிக்கொண்டு எண்ணுங்கள், வெட்டுங்கள். 3000 பைட் என்ற இன்னொரு வரம்பும் உண்டு. இயல்பான தமிழ் உரை 300 கிராபீமுக்குள் அதைத் தொடாது.

இன்னொன்று: பதிவின் மொழியைச் சொல்லும் 'லேங்ஸ்' என்ற புலத்தில் தமிழின் குறியீட்டைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பைதான் நிரல்நூலகம் பதிவை ஆங்கிலம் என்று குறித்துவிடும். தமிழ்ப் பதிவுகளை மட்டும் காட்டும்படி வைத்திருப்பவர்களுக்கு உங்கள் நீர்மட்டம் போய்ச் சேராது.

நிரல்மேகம்

உள்நுழைவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வோர் ஓட்டத்திலும் புதிதாக உள்நுழைந்தால் வரம்பில் முட்டும்; ஒரு கணக்குக்கு 5 நிமிடத்தில் 30, ஒரு நாளில் 300. 'எக்ஸ்போர்ட் செஷன் ஸ்ட்ரிங்' தரும் சரத்தை ஒரு கோப்பில் சேமித்து, அடுத்த முறை அதையே கொடுத்து உள்நுழையுங்கள். கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை நிரலில் வைக்காமல், அமைப்புகளுக்குள் சென்று செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். கோப்பு வெளியே போனாலும் அதை மட்டும் நீக்கிவிடலாம்.