பாலியல் கல்வி கேட்டு மாணவர்கள் போராடுவது சரியான வழியா?

நிலவன்:
பள்ளியில் முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று மாணவர்களே கையெழுத்து வாங்குகிறார்கள், சில இடங்களில் வகுப்பைப் புறக்கணிக்கவும் செய்கிறார்கள். என் ஆதரவு அவர்களுக்குத்தான். பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14க்குள். பாடம் அதற்குப் பிறகு வந்தால் யாருக்கு என்ன பயன்?

கோமதி:
தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. வழிதான் தவறு. ‘முழுமையான’ என்று ஒரே சொல்லில் மனு எழுதினால், ஆறு வயதுக் குழந்தைக்கு உடலுறவு பற்றிச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் பெற்றோர் படிப்பார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிர்வாகம் முதலில் நிறுத்துவது ஏற்கெனவே நடக்கும் மாதவிடாய் வகுப்பைத்தான்.

நிலவன்:
அந்தப் பயத்துக்குப் பதில் யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டியிலேயே இருக்கிறது. 5–8, 9–12, 12–15, 15க்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சிறு குழந்தைக்கு உறுப்புகளின் பெயர், வேண்டாத தொடுதல், யாரிடம் சொல்வது, இவ்வளவுதான். இந்தக் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என்பதும் அதில் தொகுத்த ஆய்வுகளின் முடிவு.

கோமதி:
வழிகாட்டி வகுப்பெடுக்காது, ஆசிரியர்தான் எடுக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் அந்தப் பக்கங்களை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடுவார். இல்லையென்றால் வெளியாள் ஒருவர் வந்து ஒருநாள் பேசிவிட்டுப் போவார், நிர்வாகமும் ‘முடித்துவிட்டோம்’ என்று எழுதிக்கொள்ளும். ஆசிரியர் பயிற்சியைக் கேட்காத போராட்டத்தால் மிஞ்சுவது இதுதான்.

செல்வி:
இருவரும் மனுவை எப்படி எழுதுவது என்பதை விட்டுவிட்டீர்கள். பாடநூலை அந்த வழிகாட்டியின் எட்டுத் தலைப்புகளோடு வைத்துப் பார்த்து, விடுபட்டவற்றை வகுப்பும் பக்க எண்ணும் போட்டு எழுத வேண்டும். உறுப்புகளின் படம் பெரும்பாலும் இருக்கும்; சம்மதம், கருத்தடை, அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது, இவை இருக்காது. பலன் தந்த திட்டங்களில் 50 நிமிட வகுப்புகள் 12க்குக் குறையாமல், ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன. அந்த எண்ணிக்கையையே கேளுங்கள். ‘ஒரு நிகழ்ச்சி’ என்று எழுதினால் ஒன்றோடு முடித்துவிடுவார்கள்.

பாடம் தேவை என்பதற்கு ஆதாரமாகக் கேள்விப் பெட்டி வையுங்கள்; மாணவர்கள் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடட்டும். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள். கேள்வி இல்லாதவரும் பாடத்தில் பிடித்த ஒரு வரியையாவது எழுதிப் போட வேண்டும். இல்லையென்றால் எழுதுகிறவர் யார் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிந்துவிடும். மனுவோடு அவர்கள் கையால் எழுதிய தாள்களை இணைக்காதீர்கள், கேள்விகளைத் தட்டச்சு செய்து கொடுங்கள். சொந்த அனுபவத்தைக் கேட்கும் கருத்துக்கணிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்: சின்ன வகுப்பில் வயதும் பாலினமும் போதும், ஆளைக் கண்டுபிடிக்க. வன்முறையைச் சொல்லும் தாளும் பெட்டியில் வரலாம். பெயரில்லாத் தாளுக்கு உதவ வழியில்லை என்பதால், யாரிடம் நேரில் போகலாம் என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

நிலவன்:
மனு அலமாரியில் தூங்கினால்? கனடாவின் ஒன்டாரியோவில் 2018இல் அரசு புதிய பாலியல் கல்விப் பாடத்தை விலக்கி 1998ஆம் ஆண்டுப் பாடத்துக்குத் திரும்பியது. அந்தச் செப்டம்பரில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். 2019இல் வந்த பாடத்தில் சம்மதம் இருந்தது.

கோமதி:
அதே 2019இல்தான் தொடக்கப்பள்ளிப் பிள்ளையைப் பாலியல் கல்வி வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள பெற்றோருக்கு வழி கொடுத்தார்கள். பெற்றோர் இல்லாமல் இது நகராது. பாடத்தின் மாதிரியைக் காட்டி அவர்களோடு ஒரு கூட்டம் வைத்துவிட்டு நிர்வாகத்திடம் போகட்டும்.

செல்வி:
கூட்டம் சரி. ஆனால் விலக்கு எல்லாவற்றுக்கும் கிடைத்தால், வீட்டிலேயே துன்புறுத்தப்படும் குழந்தையைத் துன்புறுத்துகிறவரே வெளியே இழுத்துக்கொள்வார். பாதுகாப்புப் பாடத்துக்கு விலக்கு கூடாது என்று மனுவில் தனி வரி வேண்டும்.

கோமதி:
பாதுகாப்புக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். கருத்தடைக்கு விலக்கு இருக்கத்தான் வேண்டும்.

நிலவன்:
அங்குதான் நான் உடன்படமாட்டேன். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பலன்; லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்துள்ள மாத்திரை என்றால் 72 மணி நேரத்துக்குள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்துக்கும் 72 மணிதான் எல்லை. 16 வயதுப் பெண் வன்கொடுமைக்கு ஆளானால், இந்தக் கெடு அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இது கருத்தடைப் பாடமா, பாதுகாப்புப் பாடமா? நீங்களே சொல்லுங்கள்.