பழைய வேனில் எல்லோருக்கும் தலைவலி: ஏ.சி. காரணமா?

வேன்வாசி: வணக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு ஓட்டினால் சிறிது நேரத்தில் எனக்கும் மனைவிக்கும் தலை கனக்கிறது. பின்னால் அமரும் பிள்ளைகள் குமட்டுகிறது என்கிறார்கள். இறங்கி நடந்தால் சரியாகிவிடுகிறது. புகை நாற்றம் பெரிதாக இல்லை. வெள்ளிக்கிழமை ஏற்காடு போக வேண்டும், விரைவாகச் சொல்லுங்கள்.

மலைச்சாரல்: எந்த ஆண்டு வண்டி, பெட்ரோலா டீசலா, எஞ்சின் எங்கே இருக்கிறது என்று எதையுமே நீங்கள் குறிப்பிடவில்லையே?

குளிர்காற்று: ஏ.சி. கேஸ் கசிவுதான். கூலிங் காயிலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்45: இதற்கெல்லாம் இங்கே பலமுறை விளக்கம் எழுதியாயிற்று; தேடிப் படிக்கும் பொறுமை புதியவர்களுக்கு இருப்பதில்லை. மாசுச் சான்றிதழ் நடப்பில் இருந்தால் புகையைப் பற்றிய அச்சம் தேவையற்றது. பயணத்தில் பிள்ளைகளுக்குக் குமட்டுவது இயல்பு.

செவிலி: வண்டியில் இருக்கும் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளிக்காற்றில் குறைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைத்தான். அதற்கு நிறமும் மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள், அந்த நச்சு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே அது கணக்கிடும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மயக்கமோ தடுமாற்றமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் யாரும் இருக்கிறார்களா?

வேன்வாசி: கர்ப்பிணிகள் இல்லை, அக்கா. 1998 மாடல், பெட்ரோல், எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில். மாசுச் சான்றிதழ் இருக்கிறது. டிக்கி கதவைச் சற்றுத் திறந்து கட்டிக்கொண்டு போகலாமா?

குளிர்காற்று: போகலாம், காற்றோட்டம் கிடைக்கும்.

மலைச்சாரல்: தயவுசெய்து வேண்டாம். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், சைலன்சரிலிருந்து வரும் புகை சுழன்று திறந்த டிக்கி வழியாக உள்ளேதான் வரும்.

குளிர்காற்று: எங்கள் ஊரில் சரக்கு ஏற்றும் வேன்கள் எல்லாம் அப்படித்தானே ஓடுகின்றன?

மலைச்சாரல்: ஓடுகின்றன என்பதால் உள்ளே புகை வரவில்லை என்று ஆகிவிடாது. மாசுச் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதைப் போன்ற 1998 காலத்து பெட்ரோல் வண்டிக்குப் புகையில் அனுமதிக்கப்படும் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், அதாவது 30,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 30,000 பங்கு). உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 8 மணி நேரச் சராசரியாக நாம் சுவாசிக்கத் தக்கது சுமார் 9 பி.பி.எம். தான். குழாயின் நுனியில் அளக்கும் சோதனை, வழியில் உள்ள கசிவைக் காட்டவும் காட்டாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இருக்கையைத் தூக்கி, மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா, இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் செய்யவே கூடாது.

ஸ்பேனர்45: நான் சொன்னது முறையாகப் பராமரிக்கப்படும் வண்டிகளுக்கு. அடிப்படை தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

செவிலி: பராமரிப்பு எப்படி என்று தெரியாத வண்டியைப் பற்றித்தானே அவர் கேட்கிறார், ஐயா? அதில் பிள்ளைகள் பயணிக்கிறார்கள்.

வேன்வாசி: மெக்கானிக் பார்த்துவிட்டார். மேனிஃபோல்டும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எரிந்திருந்தது. இருக்கைக்கு அடியிலுள்ள எஞ்சின் மூடியில் ரப்பர் பீடிங் ஒரு பக்கம் இல்லவே இல்லை. இரண்டையும் மாற்றியாயிற்று. ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய்வந்தோம். நன்றி.

மலைச்சாரல்: மகிழ்ச்சி. மாற்றிய பிறகு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வைத்து உள்ளே அளந்தீர்களா? வீட்டுக்கான அலாரம் 70 பி.பி.எம்.மில் ஒலிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், அளவை எண்ணில் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். பின் இருக்கைக்கு அடியில் தரைத் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.