சைக்கியாட்ரி போஸ்டிங்: வயதானவரிடம் "சாகணும்னு தோணுதா" என்று எப்படிக் கேட்பது?

எம்4 மாணவி, செங்காங்

வணக்கம். சிங்கப்பூரில் மருத்துவம் நாலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் சைக்கியாட்ரி போஸ்டிங், அதாவது மனநலப் பிரிவில் சில வாரப் பயிற்சி. சீனியர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "சீக்கிரமே விட்டுடுவாங்க, அந்த நேரத்துல ஆர்த்தோவையும் (எலும்பு சிகிச்சை) ஓஜியையும் (மகப்பேறு) படிச்சு முடிச்சுடு." எனக்கும் ஆர்த்தோதான் ஆசை. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், சரிசெய்தால் ஆள் எழுந்து நடப்பார். அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் போன மெடிசின் போஸ்டிங்கில் பார்த்த ஒரு தாத்தா மனத்தை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறார். எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு ஓரறை வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை எகிறி வார்டுக்கு வந்தது அது முதல் தடவையும் இல்லை. ரவுண்டில் எல்லாரும் இன்சுலின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை மட்டும் பார்த்து, "இன்னும் எதுக்கும்மா ஊசி? பாத்தாச்சு எல்லாத்தையும், போதும்," என்றார். அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும்தான். ரவுண்ட் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று ஒரு வரி.

அப்படிச் சொல்பவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும்? வீட்டில் சாவுப் பேச்சை எடுத்தாலே பாட்டி "வாயக் கழுவு" என்பார். தாத்தா வயதுக்காரரிடம் என்னைப் போல ஒரு பெண் "சாகணும்னு தோணுதா" என்று கேட்கலாமா? கேட்கப்போய் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டால்? போஸ்டிங் முடிவதற்குள் இதை ஒன்றையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எச்ஓ, தெம்பனிஸ்

தங்கச்சி, நான் ஹவுஸ் ஆபீசர், அதாவது படிப்பு முடிச்ச முதல் வருஷப் பயிற்சி டாக்டர். ஆர்த்தோவுக்குப் போறதா இருந்தா சைக்கியாட்ரியை இன்னும் கவனமாப் படி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்த்தோ வார்டுல இருந்து வர்ற போன் பலதுல எலும்புப் பேச்சே இருக்காது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்ச பாட்டி டிரிப்பைப் பிடுங்கிட்டு, எப்பவோ செத்துப்போன தம்பியைக் கூப்பிடுறாங்க. அதை வயசுக்கோளாறுன்னு விட்டுடக் கூடாது, அது டெலீரியம், உடம்புக் கோளாறால திடீர்னு வர்ற மனக்குழப்பம். மூத்திரம் அடைச்சிருக்கா, மலச்சிக்கலா, சோடியம் இறங்கியிருக்கா, கிருமித்தொற்றா, வலிக்குக் கொடுத்த மருந்தா, மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் வீட்லயே கிடக்கான்னு ஒவ்வொண்ணாப் பாக்கணும். தூக்க ஊசி போட்டு அமுக்கினா பாட்டி தூங்குவாங்க, காரணம் அப்படியே இருக்கும். சத்தமே போடாம சுருண்டு படுத்திருக்கிற டெலீரியமும் உண்டு. அதைத்தான் எல்லாரும் தவற விடுறாங்க.

இன்னொண்ணு, குடி. கால் உடைஞ்சு வந்தவர்கிட்ட தினமும் எவ்வளவு குடிப்பீங்கன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவத்துல பூச்சி ஊருதும்பார். உயிருக்கே ஆபத்து. தயமின் (வைட்டமின் பி1) கொடுக்காம குளுக்கோஸை மட்டும் ஏத்தினா மூளைக்கும் சேதம் வரலாம்.

ஹவுஸ்மன் வருஷத்துல மெடிசினும் சர்ஜரியும் கட்டாயம், சைக்கியாட்ரி அப்படி இல்ல. பக்கத்துல ஒரு சீனியரை வச்சுக்கிட்டு மனநோயாளிகிட்ட பேசிப் பழகுறதுக்கு நம்மில் பலருக்கு இந்த வாரங்களை விட்டா வேற வாய்ப்பு கிடையாது. தாத்தா கேள்விக்கு என்னைவிட வார்டு அக்காமார் நல்லா பதில் சொல்வாங்க.

மனநல வார்டு தாதி

சொல்றேன்மா. கேக்கலாம், கேட்டே ஆகணும். கேட்டா இல்லாத எண்ணம் வந்துடும்ங்கிறது வெறும் பயம். பல நாட்ல ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க, கேக்குறதால அந்த எண்ணம் கூடுறதில்ல. நான் இந்த வேலையில ரொம்ப காலமா இருக்கேன். கேட்டதுக்குக் கோபப்பட்டவங்க கொஞ்சம் பேர்தான். "இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலியேம்மா"ன்னு அழுதவங்களைத்தான் நிறைய பாத்திருக்கேன்.

முதல்ல உக்காரு. கால்மாட்டுல நின்னுகிட்டு கேக்குற கேள்வி இல்ல இது. நாற்காலியைத் தலைமாட்டுப் பக்கம், கொஞ்சம் பக்கவாட்டா போடு. திரையை இழுத்து விடு. மகனோ மருமகளோ இருந்தா, "ஐயாகிட்ட கொஞ்சம் தனியா பேசிக்கிறேன், கீழ போய் கோப்பி குடிச்சிட்டு வாங்க"ன்னு மரியாதையா அனுப்பிடு. பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போது எந்தத் தாத்தாவும் மனசுல இருக்கிறதைச் சொல்ல மாட்டார், அவங்க நொந்துபோவாங்கன்னு மூடிப்பார்.

எடுத்த எடுப்புல சாவைப் பத்திக் கேக்காதே. நம்ம பெரியவங்க மனசைச் சொல்லி ஆரம்பிக்கிறதும் இல்ல. நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, வாய்க்கு ருசியில்ல, உடம்பெல்லாம் எரியுதுன்னுதான் வரும். அதைத் தள்ளிவிடாம அங்கேயே ஆரம்பி. "ராத்திரி தூக்கம் வருதா தாத்தா? விடியுறதுக்கு முன்னாலயே முழிச்சுக்கிறீங்களா? அப்ப என்ன ஓடும் மனசுல?" விடிகாலை முழிப்பைப் பத்திக் கேட்டா பாதிக் கதை தானா வந்துடும். அப்புறம், "போதும்னு சொன்னீங்களே, காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுமா?" ஆமான்னா இன்னும் ஒரு படி: "நீங்களாவே உயிரை முடிச்சுக்கணும்னு நெனச்சதுண்டா?" அதுக்கும் ஆமான்னா எப்படின்னு யோசிச்சாரா, எப்போன்னு நெனச்சாரா, ஏதாவது எடுத்து வச்சிருக்காரா, இதுக்கு முன்னால செஞ்சு பாத்திருக்காரா, எல்லாத்தையும் கேளு. கடைசியா, இதுவரைக்கும் எது உங்களைத் தடுத்துச்சுன்னும் கேளு. ஒருத்தர் "பேத்தி பிஎஸ்எல்இ எழுதணும்ல"ன்னார், தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை. அந்தப் பேத்தியைப் பத்திதான் அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம்.

"அந்த மாதிரி நெனப்பெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?"ன்னு மட்டும் கேட்டுடாதே. டாக்டர்களே அவசரத்துல அப்படிக் கேக்குறதைக் காதால கேட்டிருக்கேன். அப்படிக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க, ஏன்னா நீ எதிர்பாக்குறது அதுதான்னு அவங்களுக்குத் தெரியும். கேட்ட பிறகு வாயை மூடிக்கிட்டு இரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் வராது. உனக்குத்தான் அது ரொம்ப நீளமாத் தெரியும், அவருக்கு அந்த நேரம் வேணும்.

யார்கிட்டயும் சொல்லாதேம்மான்னு கையைப் பிடிச்சுக் கேப்பாங்க. சத்தியம் பண்ணிடாதே. "உங்களைப் பாக்குற டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும் தாத்தா, நான் கூடவே இருக்கேன்"னு சொல்லு.

ரெண்டு பயம் அவங்களை ஊமையாக்கி வச்சிருக்கு. ஒண்ணு போலீஸ். தற்கொலைக்கு முயற்சி பண்றது இங்கே ரொம்ப வருஷமா குத்தமா இருந்துச்சு. 2020 ஜனவரி 1ல இருந்து அது குத்தமே இல்ல, ஆனா இன்னமும் பல தாத்தா பாட்டிகளுக்கு அது தெரியாது. இன்னொண்ணு உட்பிரிட்ஜ். இயோ சூ காங்ல 1928ல திறந்த மனநோய் ஆஸ்பத்திரி அது, 1951ல அந்தப் பேர் வந்துச்சு, 1993ல புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆயிடுச்சு. பேர் மாறியும் அந்தப் பயம் மாறல. "அங்க அனுப்பிடுவியா?"ன்னு கேட்டா, நிறைய பேருக்கு மனச்சோர்வை பலதுறை மருந்தகத்துலயோ (பாலிகிளினிக்), பயிற்சி எடுத்த குடும்ப டாக்டர்கிட்டயோ பாத்துடலாம்னு உன்னால சொல்ல முடியணும்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துடாதே. போதும்னு சொல்ற எல்லாருக்கும் நோய் இருக்குன்னு அர்த்தமில்ல. நல்லா வாழ்ந்து முடிச்சு நிம்மதியா அப்படிச் சொல்றவங்களும் உண்டு. தூக்கம் போச்சா, பசி போச்சா, ஆசையாச் செஞ்சதுல ருசி போச்சா, எல்லாருக்கும் பாரமா இருக்கேன்னு திரும்பத் திரும்பச் சொல்றாரா, அதைப் பாரு. தைராய்டும் ரத்தமும் பாக்கச் சொல்லு. வயசானவங்களுக்கு மனச்சோர்வு வந்தா சில நேரம் மறதி நோய் மாதிரியே தெரியும்.

மறதின்னதும் ஞாபகம் வருது. நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்ற டெஸ்ட் சொல்லிக் கொடுப்பாங்க. துறைமுகத்துல மூட்டை தூக்கின தாத்தா பள்ளிக்கூட வாசலையே மிதிச்சிருக்க மாட்டார். ஒரு மாணவன் அப்படி ஒருத்தர்கிட்ட கேட்டு, அவர் திணறினதும் மூளை மங்கியிருக்குன்னு எழுதப் போனான். நான் பக்கத்துல போய், "அஞ்சு வெள்ளி நோட்டு கொடுத்து ஒரு வெள்ளி அறுபது காசுக்கு கோப்பி வாங்கினா மீதி எவ்வளவு தாத்தா?"ன்னேன். கண்ணிமைக்கிறதுக்குள்ள 3.40ன்னார். கேள்வி அந்த ஆளுக்குப் பொருத்தமா இருக்கணும்மா.

ஜூரோங் வாசகர்

நான் நோயாளியாக எழுதுகிறேன். எனக்கு ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். எனக்கு அது கைகழுவும் வியாதி. தோல் வெடித்து ரத்தம் கசியும். பல ஆண்டுகள் ஒரு கிளினிக்கில் களிம்பு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், வெட்கத்தோடாவது.

2016இல் சிங்கப்பூரில் எடுத்த மனநல ஆய்வில், ஓசிடி உள்ளவர்கள் உதவி தேடி வர ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன என்று வந்தது. நோயாளி மறைப்பதால் மட்டும் இவ்வளவு காலம் ஆவதில்லை என்பது என் கருத்து. தோல் மருத்துவரும் குடும்ப மருத்துவரும் ஒரு கேள்வி கேட்டால் அந்தக் காலம் குறையும். அதனால்தான் ஆர்த்தோவுக்குப் போகும் பிள்ளையும் இதைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

சிகிச்சையின்போது மாணவர்கள் என்னிடம் பேச வந்ததுண்டு. பலர் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். ஒரு பெண் மட்டும், இந்த நோய் என்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று கேட்டாள். மகனைத் தூக்காமல் இருந்த நாட்களை அவளிடம்தான் முதன்முதலில் சொன்னேன். மறுநாள் வந்து நன்றி சொல்லி விடைபெற்றுப் போனாள். நீங்களும் சொல்லாமல் போய்விடாதீர்கள்.

எம்4 மாணவி, செங்காங்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கேள்விகளை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். என் கிளினிக்கல் குரூப்பில் ஒரு தோழி சில வாரங்களாகச் சரியில்லை. வார்டுக்கு வருகிறாள், ஆனால் சாப்பிடுவதில்லை. கூப்பிட்டால் "தூங்கிட்டேன்" என்று பதில் வருகிறது. டாக்டரைப் பார்க்கச் சொன்னால், "ரெக்கார்டுல ஏறிடும், அப்புறம் யாரு வேலை கொடுப்பா" என்கிறாள்.

எச்ஓ, தெம்பனிஸ்

இந்தப் பயம் எங்க பேட்ச்லயும் இருந்துச்சு. 2016ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல 43 நாட்டு மருத்துவ மாணவர்களைப் பத்தின ஆய்வுகளைத் தொகுத்துப் போட்டாங்க. மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தவங்க 27 சதவீதம். தற்கொலை எண்ணம் 11 சதவீதம். மனச்சோர்வு இருக்கலாம்னு தெரிஞ்சவங்கள்ல சிகிச்சைக்குப் போனது 16 சதவீதம்தான். நோயாளிகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு சொல்லிக் கொடுக்கிறவங்க, நமக்குள்ள எப்படிக் கேட்டுக்கிறதுன்னும் போஸ்டிங்லயே சொல்லிக் கொடுக்கணும். வேலைக்கு விண்ணப்பிக்கிறப்ப, அந்த வேலைக்கு அவசியம் இல்லாம மனநோய் பத்திச் சொல்லச் சொல்லிக் கேக்கக் கூடாதுன்னு 2020ல முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியே வந்துடுச்சு, அதை அவகிட்ட சொல்லு.

மனநல வார்டு தாதி

தாத்தாவுக்குச் சொன்ன அதே கேள்விதான்மா. இன்னிக்கே கேளு, மெசேஜ்ல கேக்காதே, நேர்ல போ. சாப்பாடு வாங்கிட்டுப் போ. "நீ உயிரை விட்டுடணும்னு நெனக்கிறியா?"ன்னு அவ முகத்தைப் பாத்து கேளு. இல்லைன்னா, நாளைக்கு பலதுறை மருந்தகத்துக்கோ உங்க பல்கலைக்கழக ஆலோசகர்கிட்டயோ அவளைக் கூட்டிட்டுப் போ, தனியா அனுப்பாதே. ஆமான்னு சொல்லி, எப்படின்னும் யோசிச்சிருந்தா, அவளை விட்டு நகராதே. நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க, மனநலக் கழகத்துல அது ராத்திரி பகல் திறந்திருக்கும். என்ன செய்யிறதுன்னு புரியலைன்னா 1767ங்கிற நம்பர்ல சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் (தற்கொலைத் தடுப்பு), 1771ங்கிற நம்பர்ல மைண்ட்லைன் (மனநல உதவி), ரெண்டுமே 24 மணி நேரமும் எடுப்பாங்க. நீயே கூப்பிட்டுக் கேக்கலாம். அவ என்ன சொன்னாள்னு இங்கே பொதுவுல எழுதாதே, எனக்குத் தனியா எழுது. நான் இன்னிக்கு ராத்திரி ஷிப்ட், இடைவேளையில பாக்குறேன்.